ரத்தினம்மா சொல்லிக்கொடுத்த தமிழ்

குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கவயலுக்குப் பிழைக்க வந்த ரத்தினம்மாவைச் சொந்த ஊரில் ஒருவர்கூட 'வாங்க' என்று அழைத்ததில்லை. மேல்தெருப் பொடிசுகள்கூட 'ஏ, வாடி' என்றுதான் கூப்பிடும். தங்கவயலில் கல் உடைத்து, பிறகு மைசூர் மைன்ஸ் காப்டன் துரையின் பங்களாவில் ஆயாவாகச் சேர்ந்த பின்னும் அந்த 'வாடி' அவளை விடவில்லை. பட்லர் சுந்தரராஜுக்கு அவள் பெயர் தெரியும், வாயில்தான் வராது.

துரை ஸ்பெயின் நாட்டுச் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது கட்டிக்கொண்டவள் துரைசானி லூயிசா. அவளுக்குத் தமிழ் பேச ஆசை. ஒருநாள் பிள்ளைக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த ரத்தினம்மாவிடம் சைகையும் அரைகுறைத் தமிழுமாகக் கேட்டாள். தன் பாஷையில் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் 'தூ' என்பார்கள், மதிப்பானவர்களை 'உஸ்தெத்' என்பார்கள், தமிழில் எப்படி?

துப்புவதுபோல் இருக்கிறதே என்று ரத்தினம்மாவுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து நிற்கும்போது சிரிப்பார்களா?

"எங்க பாஷைல ஒண்ணுதாங்க தொரசானி. யாரா இருந்தாலும் வாங்க, போங்க."

மறுநாள் முதல் துரைசானி தோட்டக்காரனை 'வாங்க' என்றாள், தண்ணீர் சுமப்பவளை 'உக்காருங்க' என்றாள். ரத்தினம்மாவிடம் 'சாப்ட்டீங்களா?' என்றாள். பங்களாவே திமிலோகப்பட்டது. பத்தாம் நாள் சுந்தரராஜ் வயிற்றெரிச்சல் தாங்காமல் துரைசானி முன் போய் நின்றான்.

"அம்மா, இவ உங்கள ஏமாத்திட்டா. வேலக்காரங்களுக்கு நீ, வா, போதான். ஊரே சிரிக்குது. இவ சீட்டக் கிழிச்சு அனுப்புங்க."

துரைசானியின் முகம் சிவந்தது. "பொய் சொன்னீங்களா?"

தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றால் வேலை தங்கும். போனால் மறுபடி வெயிலில் கல் உடைக்க வேண்டும், வீட்டில் மூன்று வயிறுகள் இருக்கின்றன. ரத்தினம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஆமாங்க. இன்னொண்ணு இருக்குது, தெரிஞ்சேதான் மறச்சேன். பொறந்ததுலேர்ந்து அத்தயே கேட்டுக் காது புளிச்சிப்போச்சு. உங்க வாயாலயும் கேக்கணுமா? கல்லு ஒடைக்கப் போவச் சொன்னா போறேன். பத்து நாளு நானும் மனுசியா இருந்தேன், அது போதும்."

துரைசானி, தன் தாய் ஸ்பெயினில் ஊரார் துணி வெளுத்தவள் என்றாள். நரைத்துக் கூன் விழுந்த பிறகும், சாகிற அன்றுவரை, சின்னஞ்சிறுசுகள்கூட அவளை 'தூ' என்றே அழைத்தார்களாம். சொல்லிவிட்டுச் சுந்தரராஜ் பக்கம் திரும்பினாள்.

"அந்த இன்னொண்ணு எனக்கு வேணாம். நீங்க போங்க."

ஆறு வருடம் கழித்துத் துரை குடும்பம் கப்பலேறப் புறப்பட்டது. ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது துரைசானி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ரத்தினம்மா, நல்லா இருங்க!" என்று கத்தினாள். எந்தப் பெரிய வீட்டம்மாவோ என்று கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ரத்தினம்மா கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"இன்னா பாக்கறீங்க?" என்றாள். "என்னத்தான் சொல்றாங்க."