தலைக்குள் விழுது இறங்கியபோது

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதம். செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்தில் எங்கள் கிராமம். கொல்லை நிலத்தில் மல்லாட்டைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தோம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அணைத்தோம் என்கிறேனே தவிர, நான் வரப்பில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் சோறு மண் மாதிரி இருந்தது. பக்கத்தில் தாளித்தாலும் வாசனை மூக்குக்கு எட்டாது. இருந்து என்ன ஆகப்போகிறது என்றே தோன்றும். நான் கிணற்றுப் பக்கம் நடந்தாலே என் வீட்டுக்காரர் போட்டது போட்டபடி பின்னாலேயே வருவார்.

செஞ்சியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். எங்களுக்கு மாத்திரை என்றால் காய்ச்சல் மாத்திரைதான். ராத்திரி போட்டால் காலையில் கேட்டுவிட வேண்டும். ஒரு வாரம் போயும் எனக்குக் குமட்டல்தான் மிச்சம். வீட்டுக்காரர் மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னை மறுபடி பஸ் ஏற்றினார்.

"இன்னாம்மா இது, மருந்து கேக்கவே இல்லியே. நிறுத்திட்டு வேற எங்கனா பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. இரண்டு கை விரல்களையும் தொட்டும் தொடாமலும் எதிரெதிரே வைத்துக் காட்டினார். மூளையில் நரம்புச் செல்கள் இப்படித்தான் இருக்குமாம். நடுவில் துளியூண்டு இடைவெளி. ஒரு செல் செரட்டோனின் என்ற ரசாயனத்தை அதில் விடும். எதிர் செல் அதை வைத்துச் சேதியைப் புரிந்துகொள்ளும். மிச்சத்தை முதல் செல்லே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எனக்குக் கொடுத்த மாத்திரை அந்த உறிஞ்சலைத் தடுப்பதால், ரசாயனம் இடைவெளியில் கூடுதல் நேரம் தங்குமாம்.

"அந்த வேலை சீக்கிரமே ஆரம்பிச்சிடுதுங்க. ஆனா அந்த நரம்பு செல்லுங்க அதுக்கேத்தாப்ல மெதுவாத்தான் மாறும். மனசு தெளிய சில வாரம் ஆவும். ஏன் இவ்ளோ நாளாவுதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

வீட்டுக்காரர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ மல்லாட்டை மாதிரின்னு சொல்லுங்க. பூ உதுந்ததும் விழுது மண்ணுக்குள்ள எறங்கும், அது நுனிலதான் காய் புடிக்கும். மண்ணு அணைச்சிட்டா அப்புறம் கொல்லையக் கிளறக் கூடாது. கிளறுனா காய் வைக்காது." சொல்லிவிட்டு அட்டையை என் கையில் கொடுத்தார்.

புரட்டாசியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசியில் செடி பிடுங்கினார்கள். களத்தில் யாரோ புதுக் காயை உப்புப் போட்டு வேகவைத்தார்கள். வாசனை வந்தது. நிஜமாகவே என் மூக்குக்கு வந்தது! ஒரு கை அள்ளிச் சூட்டோடு உரித்துத் தின்றேன். உப்பு தெரிந்தது. இன்னொரு கை அள்ளினேன். வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் அழுதபோதும், தூங்கியபோதும், நம்பிக்கை இல்லாமல் மாத்திரையை விழுங்கியபோதும் தலைக்குள் ஒரு வேலை நடந்துகொண்டே இருந்திருக்கிறது!

மோட்டார் போட இப்போது நான் தனியாகத்தான் கிணற்றடிக்குப் போகிறேன். திரும்பிப் பார்த்தால், அவர் பாட்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருப்பார். அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம், கண்ணுக்கே தெரியாத ஓர் இடைவெளியில் நடந்தது எங்கள் இரண்டு பேரையும் மீட்டுக் கொடுத்திருக்கிறதே என்று இன்றும் மலைத்துப் போகிறேன்.