பெயர் கேட்ட கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, அது வரும்போதே ஒரு பெயர் இருந்தது. ஸ்டோர்ஸ்-2. ஓசூரில் அப்பா வேலை பார்த்த கம்பெனி பழசு என்று கழித்துக் கட்டியதை அவர் வாங்கி வந்திருந்தார். ஸ்விட்சைப் போட்டால் திரையில் அந்தப் பெயர்தான் முதலில் வரும். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை ஒன்றுக்கு அம்மா அதில் டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். பெண் வீடு ஊத்தங்கரை, மாப்பிள்ளை வீடு கர்நாடகத்து ஆனேக்கல் என்று சம்பந்தம் நடக்கிற எல்லைப்புற ஊர் இது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் அடிக்கத் தெரிந்த அம்மாவைக் கடைக்காரர் விடவே மாட்டார்.

கம்ப்யூட்டர்தான் கிழடாகிவிட்டது. அம்மா உலை வைத்து, எனக்குத் தலை பின்னிவிட்டு வந்தாலும் அது இன்னும் கண் முழித்திருக்காது. ஒருநாள் மணப்பெண்ணின் பெயரில் பாதியோடு நின்றுபோனபோது அம்மா அழுதேவிட்டாள். "காயலான் கடைல போட்ரு. கண்ணாவது கெடாம இருக்கும்" என்றார் அப்பா. புதுசு வாங்கும் பேச்சே இல்லை. அது போனால் அம்மாவின் வேலையும் போய்விடும் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

மாமா காப்பாற்ற வந்தார். அம்மாவின் தம்பி, இன்னொரு கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டால் கிழட்டுக் கம்ப்யூட்டரும் ஓடும் என்றார். சோதனையாக, அவருக்கு லீவு கிடைத்தது ஆயுத பூஜை அன்றுதான். சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரிகடலை படைத்து, கம்ப்யூட்டரை ஓய்வெடுக்க விட்டிருந்தோம்.

"பூஜை போட்டதுல கை வைக்காதடா. நாளைக்கி வரைக்கும் சும்மா கெடக்கட்டும்" என்றாள் அம்மா.

"நான் எங்கக்கா அதத் தொட்டன்? பென்டிரைவ்லதான் ஓட்டிக் காட்டறன். உள்ள இருக்கறது அது பாட்டுக்குத் தூங்கட்டும்."

இந்த வக்கீல் பேச்சில் அம்மா மடங்கிவிட்டாள். மாமா மூன்று வகை லினக்ஸ் கொண்டுவந்திருந்தார். முதலாவது பார்க்க லட்சணமாக இருந்தது, நகரத்தான் மாட்டேன் என்றது. இரண்டாவது பறந்தது, ஆனால் அதில் கன்னட எழுத்து உடைந்து உடைந்து வந்தது. "எங்க கம்பெனில இருக்கற மாதிரி இல்லியே" என்று அப்பா எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதில் அம்மா மூன்று மொழியிலும் 'சுபமுகூர்த்தம்' அடித்துப் பார்த்தாள். எழுத்து மணி மணியாக விழுந்தது. "இதே இருக்கட்டும்டா" என்றாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

மறுநாள் விஜயதசமி. அம்மா அடித்து வைத்திருந்த பழைய பத்திரிகைகளையெல்லாம் பென்டிரைவில் பத்திரப்படுத்திவிட்டு, மாமா அந்த மூன்றாவது லினக்ஸை ஏற்றத் தொடங்கினார். நடுவில் ஒரு கேள்வி வந்தது: உங்கள் பெயர் என்ன?

மாமா யோசிக்காமல் அப்பா பெயரை அடித்தார். கேஸ், கரண்ட், ரேஷன் எல்லாமே அந்தப் பெயரில்தானே. நான் என் பெயரைப் போடச் சொல்லிக் குதித்தேன். "தள்ளுடா" என்று மாமாவை நகர்த்திவிட்டு அம்மா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். அப்பா பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று பொரிகூடத் தின்னவில்லை.

அதற்கப்புறம் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடியது. கடைக்காரர் வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார். அப்பாவும் ஷிப்ட் முடிந்து வந்து அதில் சீட்டு விளையாடினார். வீடே சந்தோஷமாக இருந்தது. தீபாவளிக்கு வந்த மாமா இன்னொரு உபகாரமும் செய்யப் பார்த்தார்.

"தெனமும் பேரு, பாஸ்வேர்டுன்னு இன்னாத்துக்குக்கா? நேரா உள்ள போற மாதிரி பண்ணிடறன்."

"வேணாம்."

"நம்ம வூட்ல எவன்க்கா திருடப் போறான்?"

"கைய எடுடா. அது அப்படியே இருக்கட்டும்."

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். முன்பெல்லாம் ஸ்விட்சைப் போட்டதும் அடுப்படிக்கு ஓடுகிற அம்மா, இப்போது அங்கேயே நிற்பாள். திரையில் அவள் பெயர் வரும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் பாஸ்வேர்டு அடிப்பாள். கம்ப்யூட்டர் இவ்வளவு வேகமாகிவிட்டது, அம்மா மட்டும் ஏன் இப்படி மெதுவாகிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.