பதினோரு வாள்களில் இருந்த சதுரம்

அவசரநிலைக் காலத்தில் நான் தில்லியில் ஓர் அருங்காட்சியகத்தில் பதிவேட்டு எழுத்தராக இருந்தேன். ஒரு நாள் காலை போலீஸ் அதிகாரி ஒருவர் வயதான யுனானி வைத்தியரையும் இரண்டு பழைய வாள்களையும் கொண்டுவந்தார். இரண்டிலும் ஒரே அடையாளம்: நான்கு கட்டச் சதுரம், கட்டத்துக்கு ஓர் அரபு எழுத்து.

"ஒண்ணு இவர் வீட்டுல, இன்னொண்ணு வேற வீட்டுல கிடைச்சுது, மதராசி பாபு. ரகசியச் சங்கத்து முத்திரைதானே? ஆமான்னு சொல்லுங்க, ஜல்தி உள்ள தள்ளிடறேன்."

"எங்க தாதாவோட வாள், அப்பாவைப் பெத்தவரோடது, பேட்டா" என்றார் வைத்தியர்.

எங்கள் ஆயுதப் பிரிவு நிபுணர் விடுப்பில் இருந்தார். எங்கள் கிடங்கில் பதினோரு வாள்களில் அந்தச் சதுரம் இருந்தது; இருமுறை எண்ணியிருக்கிறேன். ஆனால் பதிவேட்டில் அதைக் காட்ட வேண்டிய பக்கத்தின் அடியில் நிபுணர் எழுதியிருந்தார்: 'வீரர்களின் சகோதரக் குழு ஒன்றின் குறியாக இருக்கலாம்.'

பதிவேட்டைத் திறந்து, அந்த வரிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். துருக்கி, பாரசீகம், ஐதராபாத் என்று பதினொன்றையும் வாசித்தேன். "தாயத்து மாதிரி காப்புக்காகப் போடறது, சாப். எல்லா ஊர்லயும் உண்டு."

"ஏன் இப்படி வேர்க்குது?"

"எனக்கு எப்பவும் வேர்க்கும், சாப்."

அவர் என் கையையே பார்த்தார். பிறகு வைத்தியரிடம், "அச்சா, வீட்டுக்குப் போங்க" என்றார்.

அவர்கள் இறங்கும் சத்தத்தை எண்ணினேன். இருபத்திரண்டாவது படியும் முடிந்த பிறகே கையை எடுத்தேன்.