டிரஸ்ட்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள்

முந்தாநாள் சங்கவி அக்கா வீட்டுக்கு ஒரு சோபா வந்தது.

நான்கு பேர் தூக்கி வந்தார்கள். வாசல் குறுகல் என்பதால் உள்ளே போக அரை மணி நேரம் ஆனது.

பின்னாலேயே டிவி வந்தது. ஃபிரிட்ஜ் வந்தது. எல்லாம் பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கியவை.

சங்கவி அக்கா எங்கள் தெரு. பாலக்கோடு பக்கம். பிளஸ் டூ முடித்துவிட்டார், நர்சிங் படிக்க ஆசை. அப்பா இல்லை. அம்மா தக்காளி மண்டியில் பழம் தரம் பிரிக்கிறார். படிக்க வழி கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் திருப்பூர் மில்லுக்குப் போக வேண்டும். ஏஜென்ட் வந்து பேசிவிட்டுப் போய்விட்டார்.

ஏழைப் பெண்களைப் படிக்க வைக்கும் டிரஸ்ட் ஒன்று இருப்பதாகப் பள்ளியில் சொன்னார்கள். ஃபார்மை நான்தான் நிரப்பினேன். (நான் பதினொன்றாம் வகுப்பு முடித்திருக்கிறேன். தெருவில் யாருடைய ஃபார்ம் என்றாலும் நான்தான்.)

சோபா: இல்லை. டிவி: இல்லை. ஃபிரிட்ஜ்: இல்லை.

அத்தனையும் உண்மை.

"வீட்டை நேரில் பார்க்க வருகிறோம்" என்று போன் வந்தது.

அங்கேதான் தவறு நடந்தது. எங்கள் ஊரில் வெளியாட்கள் வீடு தேடி வந்து ஒரு பெண்ணைப் பார்ப்பது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பது தெருவுக்கே மனப்பாடம்.

"அத்தை, இவங்க கல்யாணத்துக்குப் பாக்க வரலைங்க. ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சாத்தான் குடுப்பாங்க" என்றேன் சங்கவி அக்காவின் அம்மாவிடம்.

"நீ சும்மா இரு பாப்பா. ஒண்ணுமில்லாத வூட்டுப் பொண்ணுக்கு எவன் என்ன குடுத்திருக்கான்?"

சொல்லிவிட்டு அத்தை ஃபிரிட்ஜைத் துடைக்கப் போய்விட்டார்.

நேற்று ஒரு மேடமும் ஒரு சாரும் வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். சங்கவி அக்கா இரவல் பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு, குனிந்தபடி காபித் தட்டு கொண்டுவந்தார்.

சார் பயந்து எழுந்து நின்றுவிட்டார். (அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். யாரும் கேட்காமலே சொன்னார்.)

மேடம் ஃபார்மையும் ஃபிரிட்ஜையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத யாரு எழுதுனது?"

கை தூக்கினேன்.

"எல்லாம் இல்லன்னு எழுதியிருக்கே?"

அத்தை முந்திக்கொண்டார். "சின்னப் புள்ளைங்க, தெரியாம எழுதிடுச்சு. எல்லாம் நம்முளுதுதாங்க!"

மேடம் என்னுடைய 'இல்லை'களை ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் சங்கவி அக்கா திருப்பூருக்குக் கொஞ்சம் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார்.

அப்போது சார் போனைக் கையில் எடுத்தார். "சார்ஜ் போடணும். பிளக் எங்கம்மா இருக்குது?"

அந்த வீட்டில் இருப்பது ஒரு பல்பு. அதற்கு ஒரு சுவிட்ச். அவ்வளவுதான்.

"பக்கத்து வூட்ல போட்டுத் தரேங்க" என்றார் அத்தை.

"அப்ப ஃபிரிட்ஜ்?"

"அது பகல்ல ஓடாதுங்க."

"நைட்ல?"

"நைட்லயும் ஓடாதுங்க."

சங்கவி அக்கா தட்டைக் கீழே வைத்தார். "போதும்மா. மேடம், இந்தப் புடவகூட என்னுதில்லைங்க. மார்க் ஷீட்டு மட்டும்தான் என்னுது."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வர்றவங்கள தரையில உக்கார வெச்சா, எம்பொண்ண எளக்காரமாப் பாப்பீங்கன்னு நெனச்சேங்க. இந்தப் பாப்பா அப்பவே சொல்லுச்சு. நான்தான் கேக்கல."

மேடம், தான் அடித்த இடங்களிலெல்லாம் மறுபடி 'இல்லை' என்று எழுதினார். (என் கையெழுத்து அளவுக்கு அழகாக இல்லை.)

"மார்க் ஷீட்ட எடுத்துட்டு வாம்மா" என்றார்.

இன்று காலை போன் வந்தது. காலேஜ், ஹாஸ்டல் இரண்டையும் டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறதாம். அத்தை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பத்து மணிக்கு மில் ஏஜென்ட் வந்தார்.

"பொண்ணு காலேஜுக்குப் போவுதுங்க" என்றார் அத்தை.

அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"நீ எத்தனாவது பாப்பா?"

"பதினொண்ணு முடிச்சிருக்கேங்க."

"சரி. அடுத்த வருசம் வரேன்."

நண்பர்களே, அடுத்த வருடம் எங்கள் தெருவில் என்னோடு சேர்த்து நான்கு பெண்கள் பிளஸ் டூ முடிக்கிறோம். படிக்க வைக்கிறவர்கள் யாரையாவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.

ஏஜென்ட்டுக்கு முன்னால் வந்தால் நல்லது.