பூனை இருக்கிற ரூட்

காலைப் பாத்திரம் தேய்ப்பது என் வேலை. வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. காலையில் அங்கே ஈ கூட எட்டிப் பார்ப்பதில்லை என்பதைக் கவனித்துவிட்டு மனைவி ஒதுக்கிக் கொடுத்த பொறுப்பு. தெருவில் என்னை 'டாக்டர்' என்பார்கள். மரியாதையெல்லாம் இல்லை. எந்த மெஷினைக் கொண்டுவந்தாலும் முதலில் உதட்டைப் பிதுக்குவேன், அதற்காக.

குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மனைவி லேப்டாப்போடு வந்து நின்றாள்.

"ஏங்க, ரூட்டைக் காணோம்னு வருது. வேகமாக்கித் தரேன்னு நேத்து என்னத்தையோ நோண்டினீங்களே?"

மெஷின் எம்பிராய்டரி அவள் தொழில். ஒரு பள்ளிக்கூடத்துச் சின்னத்தில் இருக்கும் சிங்கம், நாய் மாதிரித் தெரியாமலிருக்க நாள்கணக்காகத் திருத்தி முடித்திருந்தாள். அந்த டிசைன் இந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. சாயங்காலம் விளையாட்டு மாஸ்டர் பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் பள்ளிக்கூடம் முழுவதற்கும் அவளுக்கே ஆர்டர்.

"டிசைன் போச்சா?"

"வச்சுட்டுப் போ, பார்க்கறேன்" என்றேன். உதட்டைப் பிதுக்கவில்லை. வீட்டில் அந்த வைத்தியம் எடுபடாது.

லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோய், படுத்த மெஷினைத் தற்காலிகமாக எழுப்பும் பென் டிரைவைச் செருகி டிஸ்க்கைத் திறந்தேன். சிஸ்டம் குடியிருக்கும் ரூட் மேலாகவே தெரியும் என்று பார்த்தால், அங்கே வெறும் சப்வால்யூம்கள். ஒரே டிஸ்க்கை அறை அறையாகப் பிரித்து வைத்தது போல. அதில் ஓர் அறைதான் ரூட். மற்றவை அவ்வப்போது எடுத்த பழைய பிரதிகள். பிரதி தானாகவே விழும்படி ஏற்பாடு செய்து கொடுத்த மேதையும் நான்தான்.

முதல் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். சிஸ்டத்துக்கு வேண்டிய ஃபோல்டர் எல்லாம் இருந்தன. இதுதான் ரூட் என்று முடிவு கட்டி, மெஷின் எழும்போது பார்க்கிற துவக்க அமைப்பில் அதன் பெயரைப் போட்டேன். பிரதியிலும் அத்தனையும் இருக்கும் என்பது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த நேரம் பார்த்துக் கடையில் பச்சைப் பிள்ளை யாரும் இல்லை.

மெஷின் எழுந்தது. திரை முழுக்க என் படம், மீசையும் சிரிப்புமாக. மீசையைத் தடவிக்கொண்டேன். அவளுக்கு வாய்தான் அப்படி, தினமும் என் முகத்தில் விழித்துத்தான் வேலையை ஆரம்பிக்கிறாள்!

"இங்க வா! வந்துடுச்சு!"

திரையைப் பார்த்தாள். "இது பழசுங்க."

"எது?"

"இந்தப் படம். எப்பவோ மாத்தியாச்சு. இப்ப பூனைதான் இருக்கும்."

"எந்தப் பூனை?"

"மாடி வீட்டுப் பூனை. முதல்ல டிசைனத் திறங்க."

திறந்தேன். சிங்கம் இன்னும் நாயாகவே இருந்தது. அவள் முகம் வெளிறிவிட்டது.

எந்த சப்வால்யூமை ரூட்டாக ஏற்ற வேண்டும் என்று சிஸ்டத்துக்குள்ளேயே ஒரு சின்ன ஃபைல் சொல்லும். முதலிலேயே அதைப் படித்திருக்கலாம். படித்துவிட்டு வைத்தியம் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. இப்போது படித்தேன். அது சொன்ன பெயரைத் துவக்க அமைப்பில் போட்டு மறுபடி எழுப்பினேன்.

பூனை வந்தது. கொழுத்த பூனை. என்னைப் பார்த்த பார்வையில் துளி மதிப்பில்லை.

சின்னத்தைத் திறந்தாள். பிடரியோடு, பல்லோடு, சிங்கம். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி மூச்சு விட்டாள். பிறகு என் பென் டிரைவ் ஒன்றைக் கேட்காமலே எடுத்து டிசைனை நகல் எடுத்துக்கொண்டாள்.

"குக்கர் அரைகுறையா கிடக்கு" என்றாள்.

"அது இருக்கட்டும். என் படத்த எதுக்கு எடுத்தே?"

லேப்டாப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.