மோரிஸுக்கும் ஆஸ்டினுக்கும் ஒரே ரோட்டர்

இங்கிலீஷ்காரன் கார்கள் வெளியில்தான் பங்காளிச் சண்டைக்காரர்கள். மோரிஸ் ஓட்டுகிறவன் ஆஸ்டினை மதிக்கமாட்டான். ஆஸ்டின்காரன் ஹில்மேனைப் பார்த்து மூக்கைச் சுளிப்பான். பானெட்டைத் திறந்து பார்த்தால் பாதிச் சாமானை எல்லாரும் ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள். இதைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் ஊரில் வேறு டிரைவர் கிடையாது, அதனால் மறுத்துச் சொல்லவும் ஆளில்லை.

அங்கே ஒரு பண்ணைக்காரரிடம் மோரிஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். யுத்த காலம். பெட்ரோலுக்கு ரேஷன், ஸ்பேர் பார்ட்ஸ் மருந்துக்கும் கிடையாது. வண்டியை யாராவது கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பண்ணைக்காரருக்கு ஓயாத பயம். அதனால் வண்டியை நிறுத்தியதும் ரோட்டரைக் கழற்றி நான் மடியில் முடிந்துகொள்ள வேண்டும் என்பது உத்தரவு. ரோட்டர் என்பது கட்டைவிரல் அளவு கருப்புத் துண்டு, தலையில் ஒரு பித்தளைத் தகடு. சுற்றிச் சுற்றி நாலு பிளக்குக்கும் கரண்டைப் பங்குபோட்டுக் கொடுக்கும். அது இல்லாவிட்டால் வண்டி நகராது. அது தொலைந்தால் வேலையும் தொலைந்தது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வேலை போனால் அண்ணனோடு கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்க வேண்டும். ஸ்டியரிங் பிடித்த கை மாட்டுக் கயிற்றைப் பிடிப்பதா என்று எனக்குத் திமிர்.

ஆடிப் பதினெட்டுக்கு அவர் பஸ்ஸில் சேலம் போயிருந்தார். நான் மலையேறி ஆற்றில் முழுக்குப் போட்டேன். மூன்றாவது முழுக்கில் மடி அவிழ்ந்தது. வேட்டியைப் பிடித்துவிட்டேன், ரோட்டரைப் பிடிக்கவில்லை. எல்லாரும் சாமி கும்பிட்டுக் கரையேறிய பிறகும் நான் மத்தியானம் வரை கூழாங்கல்லைத் தடவிக்கொண்டிருந்தேன். என்ன பெரிய வேண்டுதலோ என்று ஓர் அம்மாள் எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மலைமேல் சோளக்காடு என்ற ஊர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டக்காரர் பழைய ஆஸ்டின் எஞ்சின் ஒன்றை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். மலைக்குக் கார் ஏற ரோடு இல்லாததால் மூங்கிலில் கட்டி ஆட்கள் தோளில் சுமந்து ஏற்றி, காப்பிப் பழம் உரிக்கும் மெஷினுக்குப் பெல்ட் மாட்டியிருந்தார்களாம். ஈர வேட்டியோடு அங்கே ஓடினேன். தோட்டக்காரர் பழக் காலத்துக்குத்தான் மலைக்கு வருவார் என்றார்கள். எஞ்சினைப் பக்கத்து வயல்காரரான ஒரு மலைக்காரர் பொறுப்பில் விட்டிருந்தார். அவர் மூடியைத் திறக்க மட்டும் விட்டார். உள்ளே என் மோரிஸின் ரோட்டரே உட்கார்ந்திருந்தது; அதே அளவு, அடியில் வெட்டிய அதே காடி, அதே முத்திரை. அந்த எஞ்சினைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

மலைக்காரர் தர மறுத்தார். அடுத்தவர் நம்பி விட்டுப்போன பொருளைத் தன் இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது, மாரியம்மனிடம் பூ கேட்டுப் பார்க்கலாம் என்றார். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனி இலையில் மடித்து அம்மன் முன்னால் வைத்தார்கள். வெள்ளை வந்தால் கொடுக்கலாம். மோரிஸ், ஆஸ்டின் விவகாரம் அம்மனுக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் எனக்கு எரிச்சல். வாய் மட்டும் தாயே தாயே என்றது. அவர் மனைவி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

ரோட்டரை என் கையில் வைத்த மலைக்காரர் தன் விரலை எடுக்கவில்லை.

“ஏனுங்க, இது உங்க வண்டிக்குப் பொருந்துமுன்னா, அதுல இருந்து கழட்டுனா இதுக்கும் பொருந்துமில்லீங்க? பழம் உரிக்கற அன்னிக்கு நீங்களே கொண்டாந்து மாட்டோணும். பறிச்ச பழம் ஒரு நாளு தாங்காது, மக்யா நாளே புளிச்சுப் போயிருமுங்க.”

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். அதற்குள் சேலத்தில் புதுசு வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு.

கீழே வந்து மாட்டினேன், மோரிஸ் கிளம்பிவிட்டது. பண்ணைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. சேலத்தில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. யுத்தம் முடியட்டும் என்றே எல்லாரும் சொன்னார்கள். தை மாதம் ஒரு நாள் மலையிலிருந்து மிளகு மூட்டையோடு இறங்கிய ஒருவர், நாளைக்குப் பழம் உரிக்கிறார்கள் என்று சேதி சொன்னார். அன்றைக்கே பண்ணைக்காரரும் கூப்பிட்டு, மகளை நாளைக் காலையில் ராசிபுரத்தில் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும், வண்டியைத் துடைத்து வை என்றார்.

சேதி வந்து சேரவில்லை என்று நான் சொல்லிவிடலாம். வண்டி ஓடும், வேலையும் இருக்கும். புளித்தால் என் பழமா என்றுகூட நினைத்தேன். ஆனால் என் உள்ளங்கையில் அந்த மனுஷன் விரல் இன்னும் இருப்பது போலவே இருந்தது. வண்டியைத் துடைத்து முடித்துவிட்டுப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

பண்ணைக்காரர் மெதுவாகச் சொன்னார்:

“சாமி முன்னால குடுத்த வாக்கு, போய்க் குடுத்துட்டு வா. என் மகள நான் மாட்டு வண்டியில கூட்டிட்டுப் போறேன். ஆனா ஆறு மாசமா எங்கிட்ட மறச்சவன் ஓட்டற வண்டியில எம் பிள்ளைய இனி ஏத்தமாட்டேன், கண்ணு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணு என்றதுதான் தாங்கவில்லை.

மறுநாள் மலையேறினேன். களம் முழுக்கச் சிவப்புப் பழம் குவிந்து கிடந்தது. ரோட்டரை மாட்டினேன். மலைக்காரர் ஹாண்டிலை ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றினார், எஞ்சின் பிடித்துக்கொண்டது. என் மோரிஸ் அந்த ரோட்டருக்கு ஒருநாளும் அப்படி ஒரே சுற்றில் கிளம்பியதில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டே பழத்தைக் கொட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நானும் கூடை தூக்கப் போனேன்.