ஏழுமலையின் காதில் வழிந்த தண்ணீர்

மண்டையில் அடிபட்டவர் நடந்து வந்தால்தான் டாக்டர் அதிகம் பயப்பட வேண்டும்; உள்ளே ஆன சேதம் வெளியே தெரியாது. கிராம ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டிய என் இனத்தாருக்கு இது தெரிந்திருக்கும். எழுபதுகளின் கடைசியில் பழவேற்காட்டில் நான் கொட்டியது மூன்று வருஷம். எக்ஸ்ரேயும் கிடையாது, ஜீப்பும் கிடையாது.

உப்புச் சோதனை

பசியாவரம் தீவு மீனவர் ஏழுமலை ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே வந்தார். காலையில் பழவேற்காட்டு உப்பு ஏரியில் காற்று திடீரென்று திரும்பி, பாய் கட்டிய கழி அவர் வலது காதுக்கு மேலே அடித்ததில், தண்ணீரில் விழுந்திருக்கிறார். அதிலிருந்து காது சொட்டுகிறதாம். காதில் தண்ணீர் புகுந்தால் தலையைச் சாய்த்துக் குதிப்பது அங்கே வழக்கம். படகுத் துறையிலிருந்து ஆஸ்பத்திரி வரை அண்ணன் மாணிக்கம் அவரைக் குதிக்க வைத்தே கூட்டி வந்திருந்தார்.

மூன்று மணி நேரமாகச் சொட்டுவது ஏரித் தண்ணீராக இருக்காது. ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டேன். நடுவில் ரத்தம், சுற்றிலும் தெளிவான வளையம். காதருகே மண்டை எலும்பு விரிசல் விட்டு, மூளையைச் சுற்றியிருக்கும் நீர் ஒழுகுகிறது என்றேன். மாணிக்கம் ஒப்புக்கொள்ளவில்லை. மூளை நீரும் உப்புக் கரிக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

"நக்கிப் பாத்துட்டேன் சார். உப்புக் கரிக்குது. நம்ம ஏரித் தண்ணியேதான்."

கேள்வி நேரம்

பட்டணத்துக்குக் கொண்டுபோக, பொன்னேரி பஸ்ஸின் கடைசி சீட்டில், தலையை உயர்த்திப் படுக்க வைத்துக் கிளம்பினோம். மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் நினைவு தடுமாறும். அதனால் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும்படி அவர் மனைவி கன்னியம்மாளிடம் சொல்லியிருந்தேன். பெயர், ஊர் வரை பதில் வந்தது.

"என் தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னாத்துக்கு வரல?" என்றார் கன்னியம்மாள். பதில் இல்லை. மறுபடி கேட்டார். கண் மூடியே இருந்தது. இமையைப் பிரித்து டார்ச் அடித்தேன். இரண்டு கண்பாவையும் ஒழுங்காகச் சுருங்கின. ஏழுமலை முனகினார்:

"நெனவு இருக்குது சார். பதிலுதான் இல்ல."

ஒரு காது

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்து விரிசலை உறுதி செய்தார்கள். ஒழுக்கு தானாக நின்றது. முகம் கோணவில்லை, ஜுரம் வரவில்லை. ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்தபோது வலது காது மட்டும் செத்திருந்தது. பிழைத்ததே பெரிது, இன்னொரு காதுதான் இருக்கிறதே என்று பெருமையாகச் சொன்னேன். ஏழுமலை செத்த காதைத் தொட்டுக் காட்டினார்.

"சத்தம் கேக்குது சார். எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னுதான் தெரில. ஏரியில எவனாவது முழுவுறேன்னு கத்துனா, நான் படகை எந்தப் பக்கம் திருப்புறது?"

ஆக, 'குணம்' என்று சீட்டில் எழுதுவதோடு டாக்டர் வேலை முடிந்தது. அது எவ்வளவு தூரம் உண்மை என்று ஏரியில் போய்ப் பார்ப்பது அவர்கள் வேலை.